ஐந்து இடம், ஆறு தட்டி, ஒரே மேடை

கேள்வி சுருக்கமாக இதுதான். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக் குழு ஆண்டுவிழாவுக்கு அரிச்சந்திரன் நாடகம் போடுகிறது. மண்டபத்து மேடை 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம். சாமான் ஒதுக்க இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் உண்டு. மேலே எதையும் ஏற்றி இறக்க வசதி இல்லை. அரண்மனை, காடு, காசித் தெரு, காலகண்டய்யர் வீடு, சுடுகாடு என்று ஐந்து இடம் வருகிறது. போன வருடம் 16 மில்லிமீட்டர் சூப்பாவுட்டில், அதாவது மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில், செட் செய்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து நிமிடம் பிடித்தது, சனங்கள் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். மேடை வேலைக்கு ஆறு பேர் இருக்கிறார்கள். செட்டில் சுவராக நிற்கும் இலேசான தட்டி எப்படிச் செய்வது, சீக்கிரம் எப்படி மாற்றுவது?

பலகையிலிருந்தே தொடங்கலாம். 16 மில்லிமீட்டர் சூப்பாவுட் முழுப் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல் வரும். அதற்குச் சட்டமும் அடித்தால் இரண்டு பேர் முக்கி முனகித்தான் நகர்த்த வேண்டும். அது சமையலறை அலமாரிக்கான சாமான், மேடைக்கு வேண்டாம். ஆனால் பலகையை மாற்றிவிட்டால் மட்டும் பத்து நிமிடம் ஒரு நிமிடமாகிவிடாது. மாற்றம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் கனம் காரணமில்லை. கழற்றிய தட்டி எங்கே போய் நிற்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாததுதான் காரணம். ஆறு பேரும் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு அந்த ஒரு பக்கத்து இடுக்கில் முட்டிக்கொள்வார்கள். அதனால் எந்தத் தட்டி, எந்தக் காட்சிக்குப் பின், யார் கையில், எங்கே போகிறது என்பதைத் தாளில் வரைந்து முடித்த பிறகு மரக்கடைக்குப் போங்கள். உங்கள் மேடையில் ஒதுக்க இடம் அவ்வளவாக இல்லை என்பதால் என் பதில் இன்னும் ஒரு படி மேலே போகும்: தட்டி எதுவும் மேடையை விட்டு வெளியே போகவே கூடாது. நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும்.

ஐந்து இடத்துக்கும் ஐந்து செட் தேவையில்லை. கம்பெனி நாடகக் காலத்தில் பம்பாய்ப் பார்சி நாடகக் கம்பெனிக்காரர்களைப் பார்த்து நம்மவர்கள் வரைந்த படுதாக்களைக் கொண்டுவந்தபோது, அதோடு ஒரு நல்ல உத்தியும் வந்தது. தர்பார் மாதிரி ஆழமான காட்சி ஒன்று, அடுத்தது தெருவோ காடோ முன்படுதாவுக்கு முன்னால் நெருக்கமாக ஒன்று. முன்னால் பாட்டோ வசனமோ ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் அடுத்த தர்பார் தயாராகும். எத்தனை பெரிய செட்டாக இருந்தாலும் பார்ப்பவருக்குக் காத்திருப்பு தெரியாது. அதற்கும் முன்னால், 1860 நவம்பரில் மதராஸிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி வந்து சேர்ந்த நம் பாட்டன் பூட்டன்மார் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் விடிய விடிய ஆடிய கூத்தில் செட் ஏது? இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்தார்கள், வேஷக்காரர் அதன் பின்னால் வந்து நின்றார், திரை விலகியது, ராஜா வந்துவிட்டார். அதைவிட வேகமான காட்சி மாற்றம் எனக்குத் தெரியாது. உங்கள் நாடகத்தில் காட்டுக் காட்சிக்கு இதையே செய்யலாமே என்பது என் ஆசை. குழு ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் கதையை இப்படிப் பிரிக்கிறேன். அரண்மனை முதலில் வருகிறது, சுடுகாடு கடைசியில் வருகிறது. அரண்மனையை விட்டு ஒரு முறை கிளம்பிவிட்டால், முடிவில் சுவாமி காட்சி கொடுத்து எல்லாம் சுபமாகும் வரை அங்கே திரும்ப வேண்டியதில்லை. அந்த முடிவையும் சுடுகாட்டிலேயே வெளிச்சத்தை மாற்றி நடத்திவிடலாம். அப்படியானால் ஒரே தட்டியின் ஒரு முகத்தில் அரண்மனையும் மறு முகத்தில் சுடுகாடும் இருக்கட்டும். காடும் அய்யர் வீடும் படுதாவுக்கு முன்னால். படுதா, முன்திரையிலிருந்து 2 மீட்டர் உள்ளே தொங்கினால் போதும். அய்யர் வீட்டுக்கு ஒரு திண்ணைப் பெட்டியும் ஒரு துளசி மாடமும் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. லோகிதாசனைப் பாம்பு கடிப்பதும் படுதாவுக்கு முன்னால்தான்.

காசித் தெரு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. மனைவியையும் பிள்ளையையும் விற்கிற இடம் அது. கூட்டம் வேண்டும், ஏலம் கூவ இடம் வேண்டும். இரண்டு மீட்டர் இடுக்கில் அது எடுபடாது. நாடகத்தின் நடுப்பகுதி முழுக்க முன்னாலேயே நடந்தால் கண்ணும் சலித்துவிடும். அதனால் அரண்மனைச் சுவரைத் தங்கமும் சிவப்புமாகத் தீட்டாமல் வெறும் கருங்கல் சுவராகத் தீட்டிவிடுங்கள். சிம்மாசனமும் அதன் பின்னால் தொங்கும் பட்டுத் துணியும்தான் அதை அரண்மனை ஆக்குகின்றன. இரண்டையும் எடுத்துவிட்டு, தட்டிகளைக் கொஞ்சம் விலக்கி, ஒரு கடைப் பந்தலையும் இரண்டு பூக்கூடையையும் வைத்தால் அதே கல் காசியாகிவிடும். தட்டி திரும்புவது நாடகம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை, அதுவும் படுதாவுக்குப் பின்னால், லோகிதாசன் தர்ப்பை பறித்துக்கொண்டிருக்கும்போது.

எத்தனை தட்டி? பின்சுவருக்கு ஆறு. ஒவ்வொன்றும் 1220 மில்லிமீட்டர் அகலம், 2440 உயரம். இரண்டிரண்டாகக் கீல் போட்டு மூன்று ஜோடி. விரித்து வைத்தால் தானாக நிற்கும், முட்டு தேவையில்லை. முக்கால் அளவுக்குத் திறந்த நிலையில் ஒரு ஜோடி ஏறக்குறைய 2.3 மீட்டரை மறைக்கும். மூன்று ஜோடிக்கு 7 மீட்டர் கிட்ட வந்துவிடும். ஓரங்களில் மிச்சமாகும் இடைவெளியை மறைக்கப் பக்கத்துக்கு ஒரு தனித் தட்டி, கருப்பிலோ சாம்பல் நிறத்திலோ, நாடகம் முழுக்க அசையாமல் நிற்கட்டும். ஆறு பேர், மூன்று ஜோடி. ஜோடிக்கு இரண்டு பேர். கணக்கு அதற்காகத்தான் இப்படி.

கதவு வைத்த தட்டி செய்ய வேண்டாம். நிலையும் கதவும் கனம், திறந்து மூடும்போது சுவரே ஆடும். ராஜா வீட்டுக் கல் சுவர் துணி மாதிரி அலைந்தால் கடைசி வரிசை வரை சிரிக்கும். ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து விடுங்கள், அதன் பின்னால் கருப்புத் துணி தொங்கட்டும். அதுதான் வாசல்.

இனி செய்முறை. 22க்கு 69 மில்லிமீட்டர் இழைத்த பைன் சட்டம் இங்கே சாதாரணமாகக் கிடைக்கும். கடைக்குக் கடை ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசப்படும் என்பதால் வாங்கி அளந்த பிறகே வெட்டுங்கள். வாங்கும்போது ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். வளைந்ததை, முறுக்கியதை, பெரிய கணு உள்ளதை ஒதுக்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வளைந்த சட்டத்தை எந்த ஸ்க்ரூவும் நிமிர்த்தாது.

மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் முழு அகலம், 1220. நெடுக்குச் சட்டம் இரண்டும் அவற்றுக்கு இடையில் உட்காரும். ஆகவே 2440இலிருந்து இரண்டு சட்டத்தின் அகலத்தைக் கழித்து 2302. நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், 1082. கீழ்ச் சட்டம் முழு அகலத்துக்கு ஓட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். நெடுக்குச் சட்டத்தின் முனை தரையைத் தொட்டால், தட்டியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முனை சிலாம்பு சிலாம்பாகப் பிளக்கும். அப்புறம் இரண்டு மூலைவிட்டத் துண்டு, ஏறக்குறைய 690 நீளத்தில், இரண்டும் ஒரே நெடுக்குச் சட்டத்தின் மேல் மூலையிலும் கீழ் மூலையிலும். 3 மீட்டர் சட்டம் வாங்கினால் ஒரு நெடுக்குச் சட்டம் வெட்டிய மிச்சத்தில் ஒரு மூலைவிட்டம் கச்சிதமாக வந்துவிடும்.

மூட்டுகளுக்கு 4 அல்லது 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் முக்கோணத் துண்டு வெட்டி, பசை தடவி, சிறு ஸ்க்ரூ போடுங்கள். பிளைவுட்டின் மேல்நார் மூட்டுக்கோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். மூட்டோடு இணையாக ஓடினால் வலு இருக்காது. துண்டு, சட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து 25 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியே இருக்கட்டும். என்றைக்காவது இரண்டு தட்டியை மூலையாகச் சேர்க்கும்போது அந்த இடம் வேண்டியிருக்கும். ஸ்க்ரூ துத்தநாகப் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். டர்பன் கடற்காற்றில் சாதாரண ஆணி ஒரே வருடத்தில் துருவிட்டுத் துணியில் பழுப்புக் கறை இறக்கும்.

மூடுவதற்குக் காடா துணி. இங்கே துணிக்கடையில் காலிகோ என்று கேட்டால் வெளுக்காத பருத்தித் துணி கிடைக்கும். ஒன்றரை மீட்டர் அகலத்தில் வாங்கினால் ஒட்டுப்போட வேண்டாம். துவைக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள், ஏனென்றால் அது சுருங்குவதுதான் நமக்கு வேண்டும். தட்டியைக் கிடத்தி, நெடுக்குச் சட்டத்தின் நடுவில் தொடங்கி, இரண்டு முனையை நோக்கி ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே போங்கள். முரசுத் தோல் போல இழுக்கக் கூடாது, தளர்வில்லாமல் படிந்திருந்தால் போதும். வெளிச்சட்டங்களில் மட்டும் ஒட்டுங்கள். நடுக் குறுக்குச் சட்டத்திலோ மூலைவிட்டத்திலோ பசை பட்டால் சுருங்கும்போது அந்த இடம் தழும்பாகத் தெரியும். பிறகு பி.வி.ஏ. என்கிற, தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயிண்டைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்துத் துணி முழுக்க ஊறும்படி ஒரு பூச்சு. காயக் காயத் துணி இறுகும். அந்த இழுப்பு சாதாரணமானதல்ல. நடுக் குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் நெடுக்குச் சட்டம் இரண்டும் இடுப்பில் உள்வாங்கிவிடும்.

இரண்டு முகமும் வேண்டும் என்பதால் மறுபக்கமும் இதே மாதிரி. அந்தப் பக்கம்தான் பிளைவுட் முக்கோணங்கள் இருக்கின்றன. துணிக்குள்ளிருந்து இலேசாகப் புடைத்துத் தெரியும். அந்த முகத்தில் சுடுகாட்டைத் தீட்டுங்கள். இருட்டு, புகை, நீல வெளிச்சம், யார் பார்க்கப்போகிறார்கள்? வழவழப்பான முகம் அரண்மனைக்கு. கீலையும் அரண்மனைப் பக்கத்திலேயே போட்டு, அதன்மேல் ஒரு விரல் அகலத் துணிப் பட்டை ஒட்டி, அதே நிறத்தில் தீட்டிவிட்டால் பிளவு மறைந்துவிடும். இப்படிக் கீல் போட்ட ஜோடி அரண்மனையாக நிற்கும்போது சபையைப் பார்த்து விரிந்திருக்கும். திருப்பினால் நடுமுனை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். சுடுகாட்டுக்கு அந்தக் கோணல் நன்றாகவே பொருந்தும்.

இப்படிச் செய்த ஒரு தட்டி 9, 10 கிலோவுக்குள் அடங்கும், ஜோடி 20 கிலோ. துணிக்குப் பதில் 4 மில்லிமீட்டர் பிளைவுட் அடித்தால் ஒரு முகத்துக்கே தட்டி 14 கிலோ ஆகும். பிளைவுட் தட்டியில் கை பட்டாலும் அலையாது, நாடகம் பல நாள் ஓடும் சீசன்களுக்கு அதுதான் சரி. ஓரிரு நாள் நாடகத்துக்குத் துணியே போதும் என்பேன். பெயிண்ட் எதுவானாலும் மினுங்காத வகையாக இருக்கட்டும், மினுங்கினால் விளக்கு பட்ட இடமெல்லாம் கண்ணாடியாகும். கல் சுவருக்கு மரத்தூளைப் பெயிண்டில் கலந்து திட்டுத்திட்டாகப் பூசுங்கள். பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் கல்லேதான். கிட்டத்தில் நின்று நுணுக்கமாகத் தூரிகை போடுபவர்களை அவ்வப்போது மண்டபத்தின் கடைசிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முப்பட்டைத் தூண் செய்து சக்கரத்தில் சுழற்றலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பழைய கிரேக்க அரங்குகளில் அப்படி இருந்ததாக ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார், மூன்று முகம் கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் 1220 அகல முகத்தில் செய்தால் ஒவ்வொரு தூணும் உங்கள் 5 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டரைத் தின்னும். மலிவான சக்கரம் பலகைத் தரையில் உருளும் சத்தம் படுதாவைத் தாண்டிச் சபைக்குக் கேட்கும். சக்கர மேடைக்கும் இதே கதிதான், அதை ஒதுக்க இடம் எங்கே?

நிற்க வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. விரித்த ஜோடி தானாக நிற்கும் என்றேன், ஆனால் துணித் தட்டி காற்றைப் பிடிக்கும். நம் ஊர் வெக்கையில் மண்டபக் கதவெல்லாம் திறந்திருக்கும், பக்கவாட்டில் பெரிய விசிறி ஓடும். ஒவ்வொரு தட்டியின் பின்னாலும் கீழ்ச் சட்டத்தின்மேல் ஒரு மணல் பை சாத்துங்கள். ஓரத்துத் தனித் தட்டிகளுக்கு முக்கோண முட்டு வேண்டும். உயரம் தட்டியில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.6 மீட்டர், அடி முக்கால் மீட்டர், கீல் போட்டு மடக்கும்படி. அதன் அடியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நிரப்பி வைத்தால் 20 கிலோ. மண்டபத் தரையில் ஸ்க்ரூ இறக்க யாரும் விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம்.

தட்டியைத் தூக்கிச் சுமப்பதும் தவறு. ஒரு கை தலைக்கு மேல், இன்னொரு கை இடுப்பளவில், இரண்டும் ஒரே நெடுக்குச் சட்டத்தில். முன்ஓரத்தை ஓர் அங்குலம் மட்டும் எழுப்பி, பின்மூலையைத் தரையில் வழுக்க விட்டு நடங்கள். கிடந்ததை நிமிர்த்தும்போது ஒருவர் கீழ்ச் சட்டத்தைக் காலால் மிதித்துக்கொள்ள, மற்றவர் மேல் முனையைத் தூக்கி, கையை மாற்றி மாற்றிப் பிடித்தபடி முன்னால் நடந்து வரட்டும்.

ஒத்திகைக்கு வருவோம். நடிகர்களுக்கு மாதக்கணக்கில் ஒத்திகை நடத்துவார்கள், தட்டிக்காரர்களுக்கு நாடகத்தன்று சாயங்காலம் வாயால் சொல்லிவிடுவார்கள். ஆறு பேரையும் தனியாக அழைத்து, நடிகர் யாரும் இல்லாமல், மாற்றத்தை மட்டும் ஒத்திகை பாருங்கள். பையை எடு, மடக்கு, திருப்பு, விரி, பையை வை. ஐந்தே வேலைதான். முதலில் விளக்கு வெளிச்சத்தில், மெதுவாக, பேசிக்கொண்டே. பிறகு பேசாமல். பிறகு இருட்டில். அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். ஒவ்வொரு ஜோடியின் மூலைகளும் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் டேப்பால் குறியுங்கள், அரண்மனைக்கு மஞ்சள், காசிக்கு வெள்ளை, சுடுகாட்டுக்கு இருட்டில் ஒளிரும் டேப். வார்னிஷை உரிக்காத டேப்பா என்று மூலையில் ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சிறு நீல விளக்கு எரியட்டும். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு அடங்கியிருந்தாலும் ஆளுக்கொரு டார்ச் கழுத்தில் தொங்கட்டும்.

மூன்று ஜோடியும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. 1640களில் வெனிஸில் டொரெல்லி என்ற பொறியாளர் மேடைக்கடியில் ஒரே உருளையில் எல்லாப் பக்கத் தட்டிகளையும் கயிற்றால் இணைத்து, அதைச் சுற்றினால் மொத்தமும் சேர்ந்து மாறும்படி செய்தார். அந்த வகை இயந்திரம் ஸ்வீடனில் 1766இல் கட்டிய டிராட்னிங்ஹோம் அரங்கில் இன்றும் ஓடுகிறது. உங்களிடம் உருளை இல்லை, ஒருவர் மெல்ல "ம்" என்றால் போதும். இது படிந்துவிட்டால் காசிக்காகத் தட்டிகளை விலக்குவதைப் படுதா இல்லாமல், பாட்டு ஓடும்போது சபைக்கு முன்னாலேயே செய்து பாருங்கள். கருப்புச் சட்டைக்காரர்கள் சுவரை நகர்த்துவதை சனங்கள் ஆர்வமாகப் பார்ப்பார்கள். மூடிய திரையைத்தான் யாராலும் பத்து நிமிடம் பார்க்க முடியாது.

நெருப்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். நாடகம் தொடங்கும் முன் நம்மவர்கள் மேடையிலேயே தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். சுடுகாட்டுக் காட்சியில் சிதைக்கு நிஜ நெருப்பு வைக்கலாமா என்று ஒருவர் கேட்பார். பின்னால் நிற்பது காய்ந்த பருத்தித் துணி. 1903இல் சிகாகோவில் இராக்வா அரங்கில் மேடை விளக்கின் பொறி ஒரு திரையைப் பற்றியதில் தொடங்கி 602 பேர் இறந்தார்கள். தீ பரவாமல் தடுக்கும் மருந்தை வாங்கித் துணியில் அடித்து, அதே துணியின் ஒரு துண்டை வெளியே கொண்டுபோய்ச் சுடர் காட்டிச் சோதியுங்கள். கருகலாம், சுடர் விட்டு எரியக் கூடாது. பூஜையை முன்திரைக்கு வெளியே, மேடைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். சிதைக்கு ஆரஞ்சு விளக்கும் சின்ன விசிறியும் பட்டுத் துணித் துண்டுகளும் போதும். தீயணைப்பு சிலிண்டரும் வெளிக்கதவும் தட்டிக்குப் பின்னால் மறையாமல் இருக்கின்றனவா என்று மண்டபக் காப்பாளரோடு நின்று பார்த்துவிடுங்கள்.

கொண்டுபோவது எளிது. மண்டபக் கதவு இங்கே வழக்கமான 813க்கு 2032 அளவென்றால், தட்டியை நீளவாக்கில் படுக்கையாகத் திருப்பினால் நுழைந்துவிடும். பக்கியில், அதாவது பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டியில், தட்டையாக அடுக்கித் துணியால் மூடிக் கட்டுங்கள். நிமிர்த்திக் கட்டிக்கொண்டு N2 நெடுஞ்சாலையில் போனால் காற்று வண்டியையே இழுக்கும்.

நாடகம் முடிந்ததும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், அடுத்த வருடத்துக்குள் வில்லாக வளைந்திருக்கும். நெடுக்கு ஓரத்தில் நேராக நிறுத்தி, அடியில் இரண்டு கட்டை கொடுத்து, முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டி, சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். கோடைப் புழுக்கத்தில் துணி தொய்ந்தால் கவலை வேண்டாம், அடுத்த நாடகத்துக்கு நீர்க்கரைத்த பி.வி.ஏ. இன்னொரு பூச்சு கொடுத்தால் மறுபடி இறுகும். பூச்சு மேல் பூச்சு ஏறித் தட்டி கனத்துப் பெயிண்ட் உதிரத் தொடங்கும்போது துணியை உரித்துப் புதிது போடுங்கள். சட்டம் அப்படியே உழைக்கும்.